சிக்கானோ வீட்டுப் பெரியவங்க கதைய உக்காந்து கேட்டு பதிவு பண்றது எப்படி

நான் லாஸ் ஏஞ்சலஸ்ல வாக்கப்பட்டது ஒரு மெக்சிகன் அமெரிக்கன் வீட்டுல. மாமியார் ஈஸ்ட் எல்.ஏ.லயே பொறந்து வளர்ந்தவங்க, 1968ல ஸ்கூல் பசங்க க்ளாஸ விட்டு ரோட்டுக்கு வந்தாங்களே அந்த கூட்டத்துல அவங்களும் ஒரு ஆளு. அவங்க கதை, என் வீட்டுக்காரரோட தாய்மாமா கதை, எதிர் வீட்டு பெரியவர் கதைன்னு கொஞ்சம் கொஞ்சமா பதிவு பண்ணிட்டு வரேன். கலிஃபோர்னியா டெக்சஸ் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்த மாதிரி வீடுகள்ல சம்பந்தம் பண்ணிருக்காங்க, சில பிள்ளைங்க காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு இத எடுக்குதுங்க, எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறாங்க, அவங்களுக்காக எழுதறேன்.

ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு மட்டும் முன்கதை. கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ பக்கமெல்லாம் 1848 வரைக்கும் மெக்சிகோ தான், போர்ல தோத்து குவாதலூப்பே ஹிதால்கோ ஒப்பந்தத்துல கை மாறுச்சு. அங்கயே இருந்தவங்க, அப்பறம் ரயில்வே வேலைக்கும் தோட்ட வேலைக்கும் எல்லை தாண்டி வந்தவங்க, ரெண்டு கூட்டமும் சேர்ந்தது தான் இந்த மெக்சிகன் அமெரிக்கன் ஜனங்க. 1960கள்ல அந்த வீட்டு பசங்க "நாங்க சிக்கானோ"ன்னு நெஞ்ச நிமித்தி சொல்ல ஆரம்பிச்சாங்க. 1968 மார்ச்ல ஈஸ்ட் எல்.ஏ. ஹைஸ்கூல்கள்ல இருந்து ஸ்கூல் நடத்துற விதம் சரியில்லன்னு ஆயிரக்கணக்குல பசங்க வெளிய நடந்தாங்க, அத தான் வாக்கவுட்ங்கறாங்க, 1970 ஆகஸ்ட் 29ஆம் தேதி வியட்நாம் போருக்கு எதிரா இருபது முப்பதாயிரம் பேர் ஊர்வலம் போனாங்க. ரெண்டையும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

1968ல ஆரம்பிக்காதீங்க

இத மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. எடுத்ததும் "வாக்கவுட்ல இருந்தீங்களாமே, எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா, அவங்க அம்பது வருஷமா எல்லாருக்கும் சொல்லி சொல்லி தேஞ்சு போன அதே நாலு வரிய சொல்லுவாங்க. உரிமை, ஒற்றுமை, நாங்க சரித்திரம் படைச்சோம், முடிஞ்சுது. தப்பில்ல, ஆனா அத ஏற்கனவே எல்லாரும் எழுதியாச்சு. நமக்கு வேண்டியது அந்த வீட்டுக்கு மட்டுமே சொந்தமான கதை, அது தாத்தா பாட்டிகிட்ட தான் ஆரம்பிக்கும்.

மாமியார் விஷயத்துலயே சொல்றேன். அவங்க அப்பா லாஸ் ஏஞ்சலஸ்ல பொறந்தவர், முறைப்படி அமெரிக்க குடிமகன். 1930கள்ல வேலை இல்லாத காலத்துல மெக்சிகோகாரங்கள எல்லாம் திருப்பி அனுப்புறோம்னு ஒரு பெரிய ஓட்டம் நடந்துச்சு, 1931 பிப்ரவரில டவுன்டவுன் பிளாசா பார்க்க போலீஸ் சுத்தி வளைச்சு உள்ள இருந்த சுமார் 400 பேரையும் நிறுத்தி பேப்பர் கேட்டாங்க, கவுன்ட்டி காசுலயே ரயில் டிக்கெட் எடுத்து குடும்பம் குடும்பமா ஏத்தி விட்டாங்க, அதுல இங்கயே பொறந்த குழந்தைங்களும் ஏகப்பட்ட பேர். கலிஃபோர்னியா அரசாங்கம் இதுக்கு மன்னிப்பு கேட்டு சட்டம் போட்டது 2005ல. அந்த ரயில்ல சின்ன பையனா போனவர் தான் மாமியாரோட அப்பா, வளர்ந்து வாலிபனாகி திரும்பி வந்தார். அதுக்கப்பறம் ஆயுசுக்கும் அவர் பிறப்பு சர்டிஃபிகேட்ட மடிச்சு பர்ஸ்லயே வச்சிருந்தாராம், மடிப்புல கிழிஞ்சு கிழிஞ்சு டேப் ஒட்டி ஒட்டி கடைசில அந்த டேப் தான் மிச்சம் இருந்துச்சாம்.

இப்போ யோசிச்சு பாருங்க, இந்த மனுஷனோட பொண்ணு 1968ல போலீஸ் நிக்கிற ரோட்டுல போய் கோஷம் போட்டுட்டு வீட்டுக்கு வருது. அவர் கத்தலயாம். பர்ஸ எடுத்து அந்த சர்டிஃபிகேட்ட சாப்பாட்டு மேஜைல வச்சிட்டு பேசாம உள்ள போய்ட்டாராம். ரோட்டுல நடந்தது டாக்குமெண்டரில இருக்கு, மேஜைல நடந்தத நாம போய் கேட்டா தான் உண்டு. முதல்ல 1931 தெரிஞ்சிருந்ததால தான் எனக்கு அந்த மேஜை புரிஞ்சுது. அதனால முதல் ரெண்டு மூணு உக்காரல்ல போராட்டத்த பத்தி வாயே திறக்காதீங்க. எந்த ஊரு, எந்த ரயிலு, யார் வீட்டுல வந்து தங்குனாங்க, வாடகை யாருக்கு குடுத்தாங்க, வீட்டுல எந்த மொழி பேசுனா திட்டு விழும், இது தான்.

போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேப்பர் வேலை

பழைய சென்சஸ் பதிவெல்லாம் 72 வருஷம் கழிச்சு திறந்து விடுவாங்க, 1950 சென்சஸ் 2022 ஏப்ரல்ல வெளிய வந்துருச்சு. ஃபேமிலிசர்ச் சைட்டுல காசில்லாம தேடலாம், ஒரு அக்கவுன்ட் மட்டும் போதும். 1930 சென்சஸ்ல மட்டும் இனம்ங்கற கட்டத்துல மெக்சிகன்னு தனியா போட்டாங்க, மெக்சிகோ அரசாங்கமும் இங்கத்த ஆளுங்களும் சண்டை போட்டதுல 1940ல அத எடுத்துட்டு வெள்ளைக்காரர்னே எழுதிட்டாங்க. அதே தாத்தா, அதே தெரு, பத்து வருஷத்துல இனம் மாறிருச்சு. அந்த ரெண்டு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து பெரியவங்க முன்னாடி வைங்க, நீங்க ஒரு கேள்வியும் கேக்க வேண்டாம், அவங்களே பேச ஆரம்பிச்சிடுவாங்க.

பேரு தேடுறதுல தான் எல்லாரும் மாட்டிக்கிறது. மெக்சிகோ பழக்கத்துல அப்பா வழி குடும்பப் பேரு, அம்மா வழி குடும்பப் பேரு ரெண்டும் வரும், கல்யாணம் ஆனாலும் பொண்ணுங்க பேரு அங்க மாறாது. எல்லை தாண்டுனதும் இங்கத்த க்ளார்க் கடைசி பேர மட்டும் எடுத்துப்பான், அதாவது அம்மா பேரு தான் நிக்கும், அப்பா பேரு நடு பேரா மாறி காணாம போய்டும். ஸ்கூல்ல டீச்சருங்க வேற ஹெசூஸ ஜெஸ்ஸின்னும் மரியாவ மேரின்னும் ஹுவான ஜான்னும் மாத்திருப்பாங்க. எல்லா மாதிரியும் போட்டு தேடுங்க. எல் பாசோ, லரேடோ, நொகாலஸ் எல்லைல எழுதுன அட்டைங்க நிறைய ஸ்கேன் ஆகி கிடக்கு, அதுல உயரம், முகத்துல தழும்பு, யார் வீட்டுக்கு போறாங்கன்னு வரைக்கும் இருக்கும். மெக்சிகோ பக்கம் சிவில் பதிவு 1860 வாக்குல இருந்து தான், அதுக்கு முன்னாடி சர்ச் ஞானஸ்நான பதிவேடு தான் கதி. எங்க வீட்டு கொடி சகாதெகாஸ் பக்கம் ஒரு சர்ச்சுல போய் நிக்குது.

இது எல்லாத்தையும் முடிச்சிட்டு தான் பேட்டிக்கு போகணும்னு இல்ல. ஒண்ணு ரெண்டு பேப்பர் கையில இருந்தா போதும். அதிகமா படிச்சிட்டு போனா நாமளே அவங்க கதைய அவங்களுக்கு சொல்ல ஆரம்பிச்சிடுவோம், படிச்சவங்ககிட்ட இருக்குற வியாதி இது.

எங்க உக்காறது

டிசம்பர்ல தமாலே பண்ற நாள விடாதீங்க. தமாலாடான்னு சொல்லுவாங்க, குடும்பம் மொத்தமும் கிச்சன்ல கூடும், ஊற வச்ச சோளத் தோகைய விரிச்சு ஸ்பூன் பின்பக்கத்தால மாசாவ, அதான் சோள மாவ, மெல்லிசா தடவணும், நடுவுல சிவப்பு மிளகா போட்டு வேக வச்ச பன்னிக்கறி, மடிச்சு அடுக்கி ஆவில வேக வைக்கறது. மாவு பதமான்னு பாக்க ஒரு சின்ன உருண்டைய டம்ளர் தண்ணில போடுவாங்க, மிதந்தா சரி. எங்க வீட்டுல மாமியார் தான் அந்த டம்ளருக்கு அதிகாரி, மத்தவங்க சொன்னா செல்லாது.

அங்க ஏன் பேச்சு வருதுன்னா, கை வேலைல இருக்கு, கண்ண பாத்து பேச வேண்டியதில்ல, ஒருத்தர் தப்பா சொன்னா இன்னொருத்தர் "ஏய் அது உங்க அக்கா இல்ல, நான் தான்"னு குறுக்க வருவாங்க. மாமியார் ஸ்கூல் பாத்ரூம் விஷயத்த சொன்னது அப்படி தான். லஞ்ச் நேரத்துல பாத்ரூம பூட்டி வச்சிடுவாங்களாம், அதனால பொண்ணுங்க காலைல இருந்தே தண்ணி குடிக்க மாட்டாங்களாம், மத்தியானம் நாக்கு ஒட்டிக்கிட்டே க்ளாஸ்ல உக்காந்திருப்பாங்களாம். பசங்க வச்ச கோரிக்கைல பாத்ரூம திறந்து விடுங்கறதும் ஒண்ணு, புத்தகத்துல அது ஒரு வரி. தோகைய தடவிக்கிட்டே அவங்க அத சொல்லும்போது பக்கத்துல இருந்த சித்திங்க ரெண்டு பேரும் தலையாட்டி "ஆமா, தண்ணியே குடிக்க மாட்டோம்"னாங்க, அவங்க வேற வேற ஸ்கூல்.

ஆனா கிச்சன் ரெக்கார்டிங் காதுக்கு உதவாது. டைல்ஸ் எதிரொலி, பாத்திரம், ஃப்ரிட்ஜ் சத்தம், ஹால்ல டிவி நாடகம், நாய். அங்க ஃபோன ஒரு ஓரமா வச்சு ஓட விடுங்க, எந்தெந்த கதை இருக்குன்னு பிடிக்க மட்டும் தான் அது. அப்பறம் ஒரு நாள் கார்ப்பெட் போட்ட பெட்ரூம்லயோ துணி நிறைய இருக்குற அறைலயோ தனியா உக்காந்து "அன்னிக்கு தண்ணி குடிக்க மாட்டோம்னு சொன்னீங்களே"ன்னு எடுத்து குடுங்க. காலர்ல குத்துற சின்ன மைக் ஒண்ணு வாங்கிக்கோங்க, ஃபோன ஏர்ப்ளேன் மோட்ல போடுங்க, நடுவுல ஸ்பாம் கால் வந்து ரெக்கார்டிங் நின்னா திரும்ப அந்த வேகம் வராது. ஒரு மணி நேரத்துக்கு மேல போகாதீங்க, எழுபது வயசு தாண்டுனவங்க.

முடிஞ்சா கார்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டு போங்க. விட்டியர் புலவார்ட்ல மெதுவா ஓட்டிக்கிட்டு போனா கடைக்கு கடை கதை வரும், இங்க ஷூ கடை இருந்துச்சு, இங்க தான் ஓடி ஒளிஞ்சோம்னு. 1970 ஆகஸ்ட் ஊர்வலம் போய் சேர்ந்த லகூனா பார்க்குக்கு இப்போ பேரு சலசார் பார்க். அன்னிக்கு செத்த பத்திரிகைகாரர் ரூபன் சலசார் பேரு, எல்.ஏ. டைம்ஸ்ல பத்தி எழுதுனவர், கேஎம்இஎக்ஸ் டிவில செய்தி டைரக்டர், சில்வர் டாலர்ங்கற பார்ல உக்காந்திருந்தவர் தலைல ஷெரீஃப் ஆளு சுட்ட கண்ணீர் புகை குண்டு பட்டு போயிட்டார், யார் மேலயும் கேஸ் வரல. அந்த இடத்துல வண்டிய நிறுத்தணுமா வேண்டாமான்னு அவங்கள கேட்டுட்டு நிறுத்துங்க. தாய்மாமா வேண்டாம்னுட்டார், நேரா போன்னார், நான் நேரா போனேன், ரெண்டு சிக்னல் தாண்டுனதும் அவரா பேசினார். ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஜன்னல மூடிக்கோங்க, இல்லன்னா காத்து சத்தம் தான் பதிவாகும்.

மரியாதையும் பயமும்

பெரியவங்கள பேர் சொல்லி மொட்டையா கூப்பிடாதீங்க, பேருக்கு முன்னாடி டோன், டோன்யா போடணும். ஸ்பானிஷ்ல பேசுனா உஸ்தெத் போட்டு பேசுங்க, நம்ம "நீங்க" தான் அது. என்னை அவங்க மிஹான்னு கூப்பிடுவாங்க, மகளேன்னு, அந்த உரிமைய எடுத்துக்கிட்டு நான் தூன்னு ஒருமைல பேசிட முடியாது.

எந்த பேரால தன்னை சொல்லிக்கிறாங்கன்னு அவங்களயே கேளுங்க, நீங்களா ஒட்டாதீங்க. மாமியார் சிக்கானா, கேட்டா கூடவே ஒரு முறைப்பும் வரும். அவங்க அக்கா மெக்சிகன் அமெரிக்கன், சிக்கானோன்னா அந்த காலத்துல மட்டமான பேச்சும்பாங்க. பேரப்பசங்க லத்தினோ. நியூ மெக்சிகோ பக்கம் போனா எங்க முன்னோர் ஸ்பெயின்காரங்கன்னு ஆரம்பிப்பாங்க, அங்க பிரச்சினையே நிலம், 1967 ஜூன்ல தியெர்ரா அமரியா கோர்ட்ட ரெய்ஸ் லோபஸ் திஹெரினா ஆளுங்க துப்பாக்கியோட முற்றுகை போட்டதும் பறி போன நிலத்துக்காக தான். ஒரே பேர வச்சு எல்லாரையும் கட்டாதீங்க.

பயம்னு சொன்னேன்ல. "இத எதுக்கு கேக்குற, எங்க கொண்டு போய் குடுப்ப"ன்னு கேப்பாங்க, கோவிச்சுக்காதீங்க. அப்போ சிக்கானோ இயக்கத்துக்குள்ள போலீஸ் ஆளுங்கள மாறுவேஷத்துல அனுப்பினது ரெக்கார்ட்லயே இருக்கு, பக்கத்துல உக்காந்து கோஷம் போட்டவனே சாட்சி சொல்ல வந்து நின்னான். அந்த அனுபவம் உள்ளவங்க மைக்க பாத்தா சும்மா இருப்பாங்களா. ரெக்கார்டர் அவங்க கை எட்டுற தூரத்துல இருக்கட்டும், எப்படி நிறுத்தறதுன்னு முதல்லயே காட்டிடுங்க. எதிர் வீட்டு பெரியவர் முதல் நாள் முழுக்க விரல அந்த பட்டன் மேலயே வச்சிருந்தார், ஒரு தடவை கூட அமுக்கல.

இன்னொன்னு ரொம்ப முக்கியம். குடும்பத்துல இந்த நாட்டுல இருக்கறதுக்கான பேப்பர் யார்கிட்ட இருக்கு, யார்கிட்ட இல்லங்கற பேச்சு வந்தா அந்த பகுதிய தனியா வெட்டி வைங்க, க்ளவுட்ல ஏத்தாதீங்க, எழுத்துல பேர மாத்துங்க. செத்தவங்க கதையா இருந்தாலும் அவங்க பிள்ளைங்க இருக்காங்க.

என்ன கேக்கறது

பெரிய கேள்வி கேட்டா பொதுவான பதில் தான் வரும். அன்னிக்கு கால்ல என்ன போட்டிருந்தீங்க. ஸ்கூல் வாசல் கேட்ட யாரு திறந்தா. பெல் அடிச்சுதா, இல்ல யாராவது கத்துனாங்களா. மத்தியானம் என்ன சாப்ட்டீங்க. வீட்டுக்கு எப்படி வந்தீங்க, பஸ்ஸா நடையா. அம்மா கதவு திறக்கும்போது என்ன சொன்னாங்க. ஸ்பானிஷ் பேசுனதுக்கு யார் அடிச்சது, கையாலயா பலகையாலயா, அந்த பலகை எங்க மாட்டி இருந்துச்சு. இப்படி கேட்டா தான் அவங்களுக்கு மறுபடி அந்த நாள் வரும்.

வெளிய வராம க்ளாஸ்லயே இருந்த ஃப்ரெண்டு யாருன்னு கட்டாயம் கேளுங்க. இது யாரும் கேக்காத கேள்வி. மாமியாரோட நெருங்கின தோழி அன்னிக்கு எந்திரிக்கல, ஸ்காலர்ஷிப்புக்கு பேரு குடுத்திருந்த பொண்ணு, வெளிய போனா க்ராஜுவேஷன் கிடையாதுன்னு சொல்லி வச்சிருந்தாங்க, அப்பா இல்லாத வீடு. ரெண்டு பேரும் வருஷக்கணக்கா பேசிக்கல. அந்த தோழியும் இப்போ உயிரோட தான் இருக்காங்க, அவங்களயும் பதிவு பண்ணேன், எனக்கு என்னமோ அந்த ரெக்கார்டிங் தான் எல்லாத்துலயும் ஒசத்தின்னு படுது.

பொண்ணுங்ககிட்ட வேலைய பத்தி கேளுங்க. சைக்ளோஸ்டைல் மெஷின் யாரு சுத்துனா, ஸ்டென்சில் யாரு டைப் அடிச்சா, மீட்டிங் முடிஞ்சதும் பாத்திரம் யாரு கழுவுனா. ப்ரவுன் பெரேங்கற சிக்கானோ இளைஞர் அமைப்புல ஈஸ்ட் எல்.ஏ. இலவச க்ளினிக்க ஓட்டுனது க்ளோரியா அரெயானஸும் கூட இருந்த பொண்ணுங்களும் தான், ஆம்பளைங்க நடத்துன விதம் பிடிக்காம 1970ல மொத்தமா வெளிய வந்து தனி அமைப்பு ஆரம்பிச்சாங்க. மேடைல பேசுன ஆளோட கதைய எல்லாரும் கேட்டாச்சு, அந்த மேடைக்கு நாற்காலி போட்டவங்கள தேடுங்க.

ஊருக்கு ஏத்த மாதிரி கேள்விய மாத்திக்கணும். டெக்சஸ் க்ரிஸ்டல் சிட்டிகாரங்கன்னா சியர்லீடர் தேர்வு பத்தி கேளுங்க, மெக்சிகன் பொண்ணுங்கள ஒதுக்குனாங்கன்னு ஆரம்பிச்சது 1969 டிசம்பர்ல வாக்கவுட் ஆச்சு, அதுல இருந்து லா ராசா உனிதா கட்சி வந்து ஊர் கவுன்சிலையும் ஸ்கூல் போர்டையும் பிடிச்சாங்க. சான் டியேகோன்னா பாலத்துக்கு அடியில பார்க், பாரியோ லோகன்ல வீடுகள இடிச்சு கொரொனாடோ பாலம் கட்டி, பார்க் தரோம்னு சொன்ன எடத்துல ஹைவே போலீஸ் கட்டடம் வர பாத்துச்சு, 1970 ஏப்ரல் 22ஆம் தேதி ஜனங்க புல்டோசர் முன்னாடி போய் நின்னாங்க, இப்போ தூண் தூணா சுவரோவியம். டெலானோ பக்கம் விவசாயக் கூலி குடும்பம்னா 1965 திராட்சை ஸ்ட்ரைக், அத முதல்ல தொடங்குனது லாரி இட்லியாங் கூட இருந்த ஃபிலிப்பினோ தொழிலாளிங்க, ஒரு வாரம் கழிச்சு தான் சீசர் சாவேஸ், டொலோரஸ் ஹுவெர்த்தா சங்கம் சேர்ந்துச்சு. அங்க முதுகு வலிய பத்தி கேளுங்க, குட்டைக் கைப்பிடி களைக்கொத்து வச்சு நாள் முழுக்க குனிஞ்சே வேலை, 1975ல தான் கலிஃபோர்னியால அதுக்கு தடை வந்துச்சு.

தேதி குழம்புனா

குழம்பும். 1968ஐயும் 1970ஐயும் கலந்து சொல்லுவாங்க, முன்னாடியே திருத்தாதீங்க, திருத்துனா அடுத்த கதை வராது. பின்னாடி நீங்களே பிரிச்சுக்கலாம், வானிலைய பிடிச்சுக்கோங்க. மழைல நனைஞ்சுக்கிட்டே போர் எதிர்ப்பு ஊர்வலம் போனோம்னா பெரும்பாலும் 1970 பிப்ரவரி 28. கொளுத்துற வெயில், புல்லுல குடும்பமா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தோம், அப்போ புகை வந்துச்சுன்னா ஆகஸ்ட் 29. ஸ்கூல் பெல், வேலி, ப்ரின்சிபால்னு வந்தா 1968 மார்ச். அதுலயும் வில்சன் ஸ்கூல் பசங்க மார்ச் 1ஆம் தேதியே, நாடகத்த ரத்து பண்ண கோவத்துல ப்ளான் இல்லாம கிளம்பிட்டாங்க, கார்ஃபீல்ட் 5ஆம் தேதி, லிங்கன் ரூஸ்வெல்ட்டெல்லாம் அதுக்கு மறுநாள். லிங்கன் ஸ்கூல் வாத்தியார் சால் காஸ்ட்ரோவோட சேர்த்து 13 பேர் மேல சதி வழக்கு போட்டாங்க, 1970ல மேல் கோர்ட் தள்ளுபடி பண்ணிருச்சு. அந்த வாத்தியார வேலைல திரும்ப சேக்க சொல்லி ஸ்கூல் போர்டு ஆஃபீஸ்லயே ஜனங்க ராத்திரியும் பகலும் உக்காந்தாங்க, அது 1968 இலையுதிர் காலம். "தரைல படுத்து தூங்கினோம், பாட்டிங்க சாப்பாடு கொண்டு வந்தாங்க"ன்னு கதை வந்தா அது இந்த பக்கம்.

தேதி தப்பா இருந்தாலும் அவங்க சொன்னத அப்படியே வச்சிட்டு கீழ ஒரு குறிப்பு போடுங்க. ரெண்டு அண்ணன் தம்பி ரெண்டு விதமா சொன்னா ரெண்டையும் வைங்க, பஞ்சாயத்து பண்ணாதீங்க.

போட்டோ, பேட்ஜ், பழைய பேப்பர்

1970கள்ல வந்த அந்த பசை ஆல்பம் இருக்கே, மேல ப்ளாஸ்டிக் மூடி, கீழ ஒட்டுற அட்டை, அது போட்டோவ கொல்லுது. பிச்சு எடுக்காதீங்க, மூலை கிழியும். முதல்ல பக்கத்த முழுசா அப்படியே ஸ்கேன் பண்ணிடுங்க, அப்பறம் பல் இடுக்கு க்ளீன் பண்ற ஃப்ளாஸ் நூல போட்டோவுக்கு அடியில விட்டு ரம்பம் மாதிரி மெதுவா இழுங்க. வரலன்னா விட்டுடுங்க, ஸ்கேன் இருக்குல்ல. 600 டிபிஐ போதும், பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணணும், எங்க வீட்டுல ஒரு போட்டோ பின்னாடி ஸ்பானிஷ்ல "இத அப்பாகிட்ட காட்டாத"ன்னு பென்சில்ல இருக்கு, போட்டோல ஒண்ணும் இல்ல, நாலு பொண்ணுங்க சிரிச்சுக்கிட்டு நிக்குது, ஒருத்தி கையில சுருட்டுன பேப்பர், அவ்ளோ தான். அந்த பேப்பர் கட்டு என்னன்னு கேட்டப்போ தான் லா ராசாங்கற சிக்கானோ இயக்க பத்திரிகைய ஸ்கூலுக்குள்ள கடத்துன கதையே வெளிய வந்துச்சு, லிங்கன் ஹைட்ஸ்ல எபிஃபனி சர்ச் பேஸ்மென்ட்ல இருந்து வந்த பத்திரிகை அது.

நியூஸ் பேப்பர போட்டோவோட சேத்து வைக்காதீங்க, அதுல இருக்குற ஆசிட் போட்டோவையும் மஞ்சளாக்கும். ஊதா மை நோட்டீஸ் இருந்தா வெயில் படாம உடனே ஸ்கேன் பண்ணுங்க, அந்த மை வெளிச்சத்துல மங்கிடும்.

யுசிஎல்ஏ சிக்கானோ ஆராய்ச்சி மையத்துல லா ராசா போட்டோக்காரங்க எடுத்த படம் சுமார் 25,000 இருக்கு. பெரியவங்கள பக்கத்துல உக்கார வச்சு லேப்டாப்ல அத ஓட்டுங்க. தன் மூஞ்சி கிடைக்காட்டியும் "இது அந்த பேக்கரிக்காரர் பையன்", "இவன் வியட்நாம்ல இருந்து வரல"ன்னு பேரு பேரா வரும். அத அத்தனையும் எழுதி வச்சுக்கோங்க.

எழுதி முடிச்சப்பறம்

ஆட்டோ ட்ரான்ஸ்க்ரிப்ட நம்பாதீங்க. பாதி வாக்கியம் இங்லீஷ், பாதி ஸ்பானிஷ்னு இவங்க பேசுறது அந்த சாஃப்ட்வேருக்கு பிடிபடாது, குப்பையா குடுக்கும். கையால கேட்டு எழுதுங்க, கூட ஒரு பேரப்பிள்ளைய உக்கார வைங்க, ஸ்பானிஷும் சரியா வரும், அந்த பிள்ளைக்கும் கதை போய் சேரும். பேச்ச திருத்தி அழகு படுத்தாதீங்க, அவங்க பேசுன மாதிரியே, சுத்தறத சுத்தறதாவே விடுங்க.

எழுதுனத முதல்ல அவங்ககிட்ட படிக்க குடுங்க. மாமியார் சிவப்பு பேனா எடுத்துட்டு உக்காந்தாங்க, தோழிய பத்தி சொன்ன ஒரு பத்திய மொத்தமா அடிச்சிட்டாங்க, எவ்ளோ நல்ல பத்தி தெரியுமா, எனக்கு வயிறு எரிஞ்சுது, ஆனா அவங்க கதை, அவங்க பேனா. சம்மதத்த ரெக்கார்டிங் ஆரம்பத்துலயே வாயால சொல்ல வச்சு, பேப்பர்லயும் கையெழுத்து வாங்கிடுங்க. ஆர்க்கைவுக்கு குடுக்கறதா இருந்தா, நான் போன பிறகு தான் திறக்கணும்னு நிபந்தனை போடலாமான்னு கேளுங்க, நிறைய இடத்துல ஒத்துப்பாங்க. யுசிஎல்ஏ இருக்கு, டெக்சஸ்னா ஆஸ்டின் யுனிவர்சிட்டில வோசெஸ்னு வாய்மொழி வரலாற்று மையம் 1999ல இருந்து நடக்குது, ஒண்ணும் இல்லன்னா உள்ளூர் லைப்ரரில சரித்திரப் பிரிவு இருக்கும். குடுக்கறதுக்கு முன்னாடி குடும்பத்துல எல்லாருக்கும் ஒரு காப்பி போயிருக்கணும், இல்லன்னா எங்களுக்கு தெரியாம குடுத்துட்டான்னு அடுத்த தமாலாடால சண்டை தான்.

ஃபைல் பேர்ல தேதி, யாரு பேசினது, எங்க உக்காந்ததுன்னு போடுங்க, புதுசு புதுசா கடைசி, கடைசி2ன்னு வைக்காதீங்க. ரெண்டு ஹார்ட் டிஸ்க், ரெண்டும் வேற வேற வீட்டுல. போட்டோவ வாட்சப்புல அனுப்பாதீங்க, சுருக்கி நாசம் பண்ணிடும், ட்ரைவ் லிங்க் குடுங்க, பெரியவங்களுக்கு மட்டும் பிரிண்ட் போட்டு, எழுத்து பெருசா, 16 சைஸ்ல.